ஐடாவின் கல்லுக்கு ஒரு வரி

வெர்லா ஆகார்ட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

எங்கள் மார்மன் சபையில் ஒருவர் இறந்தால், அடக்க ஆராதனையில் அவருடைய வாழ்க்கையைப் பத்து நிமிடத்துக்கு எழுதி வாசிக்க வேண்டும். அந்த வேலை எங்கள் குடும்பத்தில் என் தலையில்தான் விழும். அப்பாவுக்கு எழுதினேன், அம்மாவுக்கு எழுதினேன். நல்லதாகச் சொல்ல ஒன்றுமே இல்லாத சித்தப்பாவுக்குக்கூட இழுத்துப் பிடித்து ஒன்பது நிமிடம் எழுதினேன். போன மாதம் என் அண்ணன் மனைவி வெர்லா, எழுபத்து நான்கு வயதில், கையில் ஒரு தட்டு இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளோடு என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"லாவான், எனக்கும் இப்பவே எழுதி வெச்சிடுடி. நீ எனக்கு முந்திப் போயிட்டேன்னா, சபைப் பொம்பளைங்க ஒத்தாசைச் சங்கத்துல எவளாவது எழுதுவா. என்னைப் புனிதவதி ஆக்கிட்டுத்தான் விடுவா."

"எழுதறேன். என்ன போடணும், என்ன போடக் கூடாது?"

"பத்து நிமிஷத்துக்கு மேல போகாத. ரொட்டிச் சுருளைப் பத்தி ஒரு தடவைக்கு மேல சொல்லாத. ஐடா சாவுல நான் பண்ணினதை எழுதவே எழுதாத."

முதல் இரண்டையும் காப்பாற்றப் பார்க்கிறேன். மூன்றாவதைக் காப்பாற்றப் போவதில்லை. அதை விட்டுவிட்டால் வெர்லாவைப் பற்றி எழுத என்ன மிச்சம் இருக்கிறது? வில்லோ கிரீக்கில் பிறந்தாள், வான்கோழிப் பண்ணையில் வளர்ந்தாள், பத்தொன்பது வயதில் என் அண்ணன் டீலாயைக் கல்யாணம் செய்துகொண்டாள், நான்கு பிள்ளை பெற்றாள். சான்பீட் பள்ளத்தாக்கில் கல்லெடுத்து எறிந்தால் இப்படி ஒரு பெண் மேல்தான் விழும்.

ஐடா கில்கிறிஸ்ட் அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் கிடைத்த சிநேகிதி. இருவரும் இருபத்தாறு வருடம் ஒரே மேஜையில் மாவு பிசைந்தார்கள். ஐடா பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவள். எங்கள் ஊரில் நூறு வீடு இருந்தால் தொண்ணூற்றைந்து எங்களுடையது. மிச்சம் ஐந்துக்கு ஒரு சின்ன வெள்ளை மரக் கோயில் இருந்தது. அதன் மணி எங்கள் ஆராதனைக்கு நடுவில் அடிக்கும். ஐடா காலையில் ஒரு பிளாஸ்கில் காப்பி கொண்டுவருவாள். எங்கள் சபையில் காப்பி கூடாது, வெர்லா ஆயுளில் அதை வாயில் வைத்ததில்லை, ஆனால் இருபத்தாறு வருடமும் அந்தப் பிளாஸ்கைக் கழுவி வைத்தவள் அவள்தான்.

சமையலறையில் அவர்கள் பேசாத பேச்சில்லை. மதம் உட்பட. மற்றவர்கள் அந்தப் பேச்சை எடுத்தால் நட்பு முறிந்துபோகும். இவர்களுக்கு அது கேலிக்கு ஒரு சாக்கு.

"உங்க ஆளுங்களுக்கு பைபிள் பத்தலயாக்கும்," என்பாள் ஐடா. "அதுக்கு மேல இன்னொண்ணு வேணும்."

"ஒருத்தர் சாட்சி சொன்னா யாரு நம்புவா? ரெண்டு சாட்சி வேணும். பைபிள் ஒரு சாட்சி. எங்க புஸ்தகம் ரெண்டாவது சாட்சி."

"என்னடி சாட்சி? இயேசு மேல கேஸா நடக்குது?"

"நீ மாவைப் பிசை."

வெர்லா விளையாட்டாகச் சொன்னாலும், எங்களுக்கு அது அப்படித்தான். பைபிள், மார்மன் புஸ்தகம், மற்ற இரண்டு நூல்கள், நான்கும் ஒரே தோல் அட்டைக்குள் செங்கல் கனத்தில் ஒன்றாகக் கட்டியிருக்கும். ஒரு வருடம் ஞாயிறு வகுப்பில் பழைய ஏற்பாடு, அடுத்த வருடம் புதிய ஏற்பாடு, அதற்கடுத்து மார்மன் புஸ்தகம் என்று சுற்றிச் சுற்றி வருவோம். ஒன்றைப் படிக்கும்போது அடிக்குறிப்பு மற்றொன்றுக்கு அனுப்பும். எட்டு வயதிலிருந்து சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தால், ஐம்பது வருடத்தில் மனதில் எல்லாம் ஒரே குரலாகிவிடும். அது நல்லதுதான் என்று நினைத்திருந்தேன்.

ஐடாவின் கணவர் வென்டெலுக்கு இந்தக் கேலியெல்லாம் ஆகாது. நிலக்கரி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை தெருப்பிள்ளைகள் எல்லாரும் கோயிலுக்கு ஒரு பக்கம் போவார்கள், அவர் மட்டும் மறுபக்கம் போவார். வளர்ந்த பிறகும் எங்கள் ஆட்கள் அவரைச் சபைக்கு இழுக்கப் பார்ப்பதை விடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஆப்பிள் கேக்கோடு போய்க் கதவைத் தட்டி, கேக்கை ஒரு கையிலும் மார்மன் புஸ்தகத்தை மறு கையிலும் நீட்டுவார்கள். கேக்கைச் சாப்பிட்டுவிடுவார். அவர் வீட்டுக் கராஜில் ஃப்ரீசருக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அவர் முட்டுக் கொடுத்திருந்தது எங்கள் மார்மன் புஸ்தகம் ஒன்றை. ஒருமுறை உருளைக்கிழங்கு மூட்டை இறக்கப் போனபோது அதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு வாரம் தூக்கம் வரவில்லை எனக்கு.

தொண்ணூற்றெட்டாம் வருடம் ஜனவரியில் ஐடாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வெர்லா தினமும் மத்தியானம் போய் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் ஐடா கேட்டாள்:

"என் அடக்கத்துல நீதான் வாசிக்கணும், வெர்லா."

"உங்க சபையில ஆள் இல்லையா?"

"இருக்குறது முப்பது கிழம். வாசிச்சா முதல் வரிசைக்கே கேக்காது. உன் தொண்டை முந்நூறு பசங்களை வரிசையில நிக்க வெச்ச தொண்டை." பிறகு ஐடா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வென்டெல் ஒத்துக்கிட்டான். லேசுல ஒத்துக்கல. என் பைபிள்ல இருந்து மட்டும்தான் வாசிக்கணும்னான். உங்க புஸ்தகத்துல இருந்து ஒரு வரி கூடாது. அவன் பட்டது உனக்குத் தெரியாது. என் சாவையாவது அவனுக்கு விட்டுக் குடு."

"சத்தியமா," என்றாள் வெர்லா.

பிப்ரவரி முதல் வாரம் ஐடா போய்விட்டாள். அந்தச் சின்ன வெள்ளைக் கோயிலில் பாதிக்கு மேல் நாங்கள்தான் உட்கார்ந்திருந்தோம், அறுபது பேர் இருக்கும். வெர்லா ஐடாவின் பைபிளைத் திறந்து, ஐடா சொல்லிவைத்த சங்கீதத்தையும் பவுலின் நிருபத்தில் ஒரு பகுதியையும் கணீரென்று வாசித்தாள். புத்தகத்தை மூடினாள். அத்தோடு இறங்கி வந்திருக்கலாம். ஆனால் முன்வரிசையில் வென்டெல் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் வேலிக்கம்பம் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அவரை நேராகப் பார்த்து, மனப்பாடமாக ஒன்று சொன்னாள்: ஒருவர் சுமையை மற்றவர் சுமந்தால் அது லேசாகிவிடும், துக்கப்படுகிறவரோடு சேர்ந்து துக்கப்பட வேண்டும், ஆறுதல் தேவைப்படுகிறவருக்கு ஆறுதலாக நிற்க வேண்டும் என்று. "அதுவும் வேதத்துல எழுதியிருக்கு, வென்டெல்," என்று முடித்தாள்.

நாங்கள் அறுபது பேரும் தலையாட்டினோம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாஸ்டர் மட்டும் கையிலிருந்த தாளிலிருந்து சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அந்த வரி அவர் மனதையும் தொட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அடக்கம் முடிந்து கோயில் நிலவறையில் சாப்பாடு. உருளைக்கிழங்கைத் துருவி, சீஸும் கிரீமும் கலந்து, மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் நொறுக்கிப் போட்டு அடுப்பில் வேகவைப்போம். அதற்கு எங்கள் ஊரில் பெயரே இழவு வீட்டு உருளைக்கிழங்குதான். எங்கள் ஆட்கள் பதினோரு தட்டு கொண்டுவந்திருந்தார்கள், முப்பது பிரெஸ்பிட்டேரியன்களுக்கு. வென்டெல் தட்டைத் தொடாமல் நேராக வெர்லாவிடம் வந்தார்.

"கடைசியா சொன்னியே, அது எந்த அதிகாரம்?"

"பவுல் எழுதினது. ரோமரா கலாத்தியரான்னு சட்டுனு வரல. ஏன் வென்டெல்?"

"அவ கல்லுல அதை வெட்டணும். கல் வெட்டறவர் இந்த மாசம் முடியறதுக்குள்ள எழுதிக் குடுன்னாரு. அப்பத்தான் மே மாசம் எல்லாரும் பூ வைக்கற கல்லறை நாளுக்குள்ள நிக்குமாம்." ஐடாவின் பைபிளை அவள் கையிலேயே திருப்பி வைத்தார். "எடுத்துட்டுப் போ. இடம் பாத்து ஒரு காயிதம் வெச்சுக் கொண்டா."

அவர் குரல் உடைந்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன். வெர்லா அந்தப் பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இத்தனை வருடத்தில் வென்டெல் அவளிடம் கேட்ட முதல் உதவி அது.

மறுநாள் மாலை வெர்லாவிடமிருந்து போன் வந்தது.

"லாவான், நீதான் பன்னெண்டு வருஷமா ஞாயிறு வகுப்பு எடுக்குற. அந்த வரி எங்க இருக்கு?"

"கலாத்தியர் ஆறு. கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்."

"கண்ணைத் தொறந்து பாத்துச் சொல்லு. அதுல சுமையைச் சுமக்கறது மட்டும்தான் இருக்கு. அழறது இல்ல."

"அப்ப ரோமர் பன்னெண்டு."

"அதுல அழறது இருக்கு. சுமை இல்ல."

"ஆறுதல் கொரிந்தியர்ல..."

"துண்டு துண்டா இருக்கு, லாவான். முழுசா எங்கயும் இல்ல."

நம் புத்தகத்தின் பின்னால் இருக்கும் அகராதியைப் பார் என்றேன். அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. ஐடா பைபிளில்தான் காகிதம் வைக்க வேண்டும், ஐடா பைபிளிலேயே தேடுவேன் என்றாள். பவுல் எழுதிய அத்தனை நிருபமும் வாசித்தாள். யாக்கோபு, பேதுரு, யோவான் வாசித்தாள். யேசாயாவுக்குத் திரும்பினாள். அண்ணன் டீலாய் எனக்குப் போன் செய்து, "நாலு நாளா வீட்டுல டப்பாச் சாப்பாடு. எரேமியா வரைக்கும் போயிட்டா. சீக்கிரம் கண்டுபிடிச்சுக் குடு, இல்லாட்டி நான் உன் வீட்டுக்கு வந்துடுவேன்," என்றார்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. சபையில் எட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு ஞானஸ்நானம். நானும் வெர்லாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் சபையை நடத்தும் பிஷப் எழுந்து, எல்லாப் பிள்ளைகளின் ஞானஸ்நானத்திலும் வாசிப்பதையே வாசித்தார்: மார்மன் புஸ்தகத்தில், காட்டுக்குள் ஒரு நீர்நிலையின் ஓரத்தில் கூடிய ஜனங்களைப் பார்த்து, ஞானஸ்நானம் வாங்க வருகிறவர்கள் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று ஆல்மா என்ற தீர்க்கதரிசி கேட்கிற இடம். ஒருவர் சுமையை ஒருவர் சுமக்க. துக்கப்படுகிறவரோடு துக்கப்பட.

வெர்லாவின் கை என் முழங்காலைப் பிடித்தது. அந்த விரல் தடம் இரண்டு நாள் இருந்தது.

அவளுடைய நான்கு பிள்ளைகளின் ஞானஸ்நானத்திலும் அதைக் கேட்டிருக்கிறாள். என் மூன்று பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கிறாள். அறுபது பேர் அந்தக் கோயிலில் தலையாட்டினோம், பன்னிரண்டு வருட ஆசிரியை நான் உட்பட, ஒருத்தருக்கும் உறைக்கவில்லை! எங்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. இரண்டு புத்தகத்தையும் அவ்வளவு சேர்த்துக் குடித்திருக்கிறோம், எது எந்தச் செம்பிலிருந்து வந்தது என்று நாக்குக்குத் தெரியவில்லை.

வெளியே கூடத்தில் வெர்லா எல்லாவற்றையும் கொட்டினாள். விஷயத்தைக் கேட்ட ஒத்தாசைச் சங்கத் தலைவி ஆர்டித் டிரைபருக்கு முகமெல்லாம் பிரகாசம்.

"கர்த்தரோட வேலையைப் பாத்தீங்களா, சகோதரி! முப்பது வருஷமா நாம தட்டின கதவு. இப்ப அவரே கல்லுல வெட்டறேங்கறாரு. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. என்னைக்காவது ஒரு நாள் தெரிஞ்சுப்பாரு, மனசு இளகும்."

நானும் சும்மா இருக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: "எந்த அதிகாரம்னு கல்லுல போட வேணாம்னு சொல்லிடு, வெர்லா. வரி மட்டும் இருக்கட்டும். நல்ல வரிதானே? யாருக்கு என்ன நஷ்டம்?"

வெர்லா திரும்பினாள். முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய அந்தத் தொண்டை திறந்தது.

"ரெண்டு சாட்சி, ரெண்டு சாட்சின்னு இருபத்தாறு வருஷம் அவகிட்ட பீத்திக்கிட்டேன். சாட்சியே பொய் சொன்னா அப்புறம் என்ன இருக்கு? பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு பைபிள்ல இருக்கு. நம்ம புஸ்தகத்துலயும் இருக்கு. எதுல இருந்து வாசிச்சா உங்க ரெண்டு பேருக்கும் காதுல விழும்?"

ஆர்டித் ஓரடி பின்னால் போனாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"செத்தவளுக்கு சத்தியம் பண்ணிட்டு மீறிட்டேன். தெரியாமதான் மீறினேன். இனிமே வாயை மூடிட்டு இருந்தா அது தெரிஞ்சு மீறறது," என்றாள் வெர்லா. பிறகு குரல் இறங்கியது. "அந்த மனுஷன் இனிமே என் மூஞ்சில முழிக்க மாட்டாரு, லாவான். ஐடா வீட்டு வாசப்படி எனக்கு இல்லாமப் போயிடும்."

ஞாயிறு ஆராதனை முடிந்து நான்தான் காரில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் மடியில் ஐடாவின் பைபிள். நடுவில் மூன்று காகிதத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

வென்டெல் கதவைத் திறந்துவிட்டு நேராகச் சமையலறைக்குள் போனார். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். வறுத்த கோதுமையில் செய்த பானப்பொடி, காப்பி குடிக்காத வெர்லாவுக்கென்று ஐடா வாங்கி வைத்திருந்தது. அதை வெந்நீரில் கரைத்தார். வாழ்நாளில் ஒரு கோப்பை கரைத்தவரில்லை, கட்டி கட்டியாக மிதந்தது. எங்கள் முன்னால் வைத்தார். வெர்லா கோப்பையைத் தொடவில்லை.

"வென்டெல், அந்த வரி பைபிள்ல இல்ல. எங்க புஸ்தகத்துல இருக்கறது. சத்தியமா தெரியாது எனக்கு, பவுல்னு நெனச்சேன். பைபிள் முழுக்கத் தேடிட்டேன். ஐடாவுக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தல நான். என்னை மன்னிக்கணும்னு கேக்க வரல. கல்லுல வெட்டறதுக்கு முன்ன சொல்லணும்னு வந்தேன்."

வென்டெல் தன் காப்பியைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடாத காப்பியை.

"பாஸ்டர் மறுநாளே சொல்லிட்டாரு," என்றார்.

"மறுநாளேவா?"

"கல்லுக்கு அதிகாரம் எதுன்னு அவர்கிட்டயும் கேட்டேன். ரொம்ப பதமாத்தான் சொன்னாரு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. அறுபத்தெட்டு வருஷம், வெர்லா. இந்த ஊருல என்னை ஒருத்தன் சும்மா விட்டதில்ல. சாவுல கூட விடலயே, அதுவும் நீ, அப்படின்னு நெனச்சேன்."

வெர்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்புறம் யோசிச்சேன். கருகின ரொட்டியைக்கூடப் பசங்ககிட்ட கருகிடுச்சுன்னு சொல்லிட்டுத்தான் குடுப்பான்னு உன்னைப் பத்தி ஐடா சொல்லுவா. சரி, அவளே வராளா பாப்போம்னு இருந்தேன். பத்து நாளா ஜன்னல்ல உக்காந்து உன் காரைப் பாத்துட்டிருந்தேன்."

"நேத்துதான் தெரிஞ்சுது எனக்கு."

"நேத்து தெரிஞ்சு இன்னைக்கு வந்துட்ட." காப்பியில் ஒரு வாய் குடித்தார். "காயிதம் வெச்சிருக்கியே, அது என்ன?"

வெர்லா மூன்று இடத்தையும் பிரித்துக் காட்டினாள். தேடியது முழுசாகக் கிடைக்கவில்லை, அதன் துண்டுகள் மூன்று இடத்தில் இருக்கின்றன என்றாள். வென்டெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அழுகிறவர்களுடனே அழுவதைப் பற்றி ரோமருக்கு எழுதியதில் விரலை வைத்தார்.

"இது போதும். கல்லு சின்னது."

காரியம் முடிந்தது என்று நான் என் கைப்பையை எடுத்தேன். அப்போது அவர் கேட்டார்.

"இன்னொண்ணை மறுபடி சொல்லு."

"எதை?"

"அன்னைக்கு சொன்னதை. உங்களுதை."

"வேணாம் வென்டெல். வாக்கு குடுத்திருக்கேன்."

"வாக்கு குடுத்தது கோயிலுக்கு. இது என் சமையக்கட்டு. கல்லுக்குக் கேக்கல நான். எனக்குக் கேக்கறேன்."

வெர்லா சொன்னாள். அன்று கோயிலில் சொன்ன குரலில் இல்லை, மாவு பிசைந்துகொண்டே பேசுகிற குரலில். பாதி வரியில் வென்டெலின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கோயிலில் ஒரு பொட்டு வராத கண்ணீர் அந்தச் சமையலறையில் கொட்டியது. வெர்லா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு சேர்ந்து அழுதாள். நானும்தான். எத்தனையோ முறை வகுப்பில் அந்த வரிக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன், அது என்ன கேட்கிறது என்று அன்றுதான் செய்து பார்த்தேன். பிறகு அந்தக் கட்டி மிதந்த பானத்தை நானும் வெர்லாவும் சொட்டு விடாமல் குடித்தோம்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசமிருந்து, மனதில் தோன்றியவர் எழுந்து சாட்சி சொல்லலாம். மார்ச் மாதம் வெர்லா எழுந்தாள். அவள் எழுவது அபூர்வம்.

"மார்மன் புஸ்தகத்துக்காக நன்றி சொல்ல நீங்க எல்லாரும் இருக்கீங்க. எனக்கும் அது உசிருதான். இன்னைக்கு நான் பைபிளுக்காக நன்றி சொல்றேன். ஒரு வரியைத் தேடி அதை முழுக்கப் பொரட்டினேன். தேடினது கெடைக்கல. கெடைச்சதெல்லாம் எனக்குத் தெரியும்னு அறுபது வருஷமா நெனச்சிட்டிருந்தது. பாதிக்கு மேல தெரியல. ரெண்டு புஸ்தகமும் ஒண்ணோட ஒண்ணு பேசுது. எது பேசுதுன்னு தெரிஞ்சு கேக்கறதுதான் ரெண்டுக்கும் மரியாதை. இதை எனக்குப் புரிய வெச்ச என் சிநேகிதிக்கும் அவ புருஷனுக்கும் கடவுள் நல்லது செய்யட்டும்." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். ஆர்டித் டிரைபர்தான் முதலில் மூக்கைச் சிந்தினாள்.

மே கடைசியில் கல் நின்றது. கல்லறை நாளன்று வெர்லா தோட்டத்துப் பியோனிப் பூக்களைக் கத்தரித்துப் போனாள். பூவைக் காலி காப்பி டப்பாவில் வைப்பதுதான் ஊர் வழக்கம். காப்பி குடிக்காத எங்கள் வீடுகளில் டப்பாவுக்கு எங்கே போவது? வருடா வருடம் ஐடாதான் கொடுப்பாள். அந்த வருடம் கல்லறைக்குப் போனபோது வென்டெல் இரண்டு டப்பாவோடு காத்திருந்தார், ஒன்று ஐடாவுக்கு, ஒன்று எங்கள் அம்மா அப்பாவுக்கு. அதோடு ஐடாவின் பைபிளையும் வெர்லாவிடமே கொடுத்துவிட்டார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை நான்கு மணிக்கு வந்து அதிலிருந்து கொஞ்சம் வாசித்துவிட்டுப் போ என்றார். வெர்லா ஒரு வியாழக்கிழமை தவறவில்லை. அதிலிருந்து மட்டும்தான் வாசித்தாள்.

இரண்டு வருடம் கழித்து, வைக்கோல் கட்டு ஏற்றும்போது என் அண்ணன் டீலாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவருக்கும் நான்தான் எழுதி வாசித்தேன், பதினான்கு நிமிடம் ஆகிவிட்டது, நிறுத்த முடியவில்லை. நான் இறங்கியதும் பிஷப் எழுந்து, அடுத்ததாக வென்டெல் கில்கிறிஸ்ட் வாசிப்பார் என்றார்.

சபையே திரும்பிப் பார்த்தது. எழுபது வருடத்தில் எங்கள் கோயிலுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். கோட்டும் டையும் கட்டிக்கொண்டு மெதுவாக மேடை ஏறினார். கையில் ஒரு மார்மன் புஸ்தகம். அட்டையில் வட்டமாக ஒரு குழி, ஓரமெல்லாம் துரு. எங்கே பார்த்தேன் இதை என்று யோசித்தேன். பிறகு தெரிந்துவிட்டது, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

காகிதம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து மூக்குக்கு அருகில் கொண்டுபோய், சபையை ஒரு முறை பார்த்தார்.

"நான் வாசிக்கப் போறது பைபிள்ல இல்ல," என்றார். "பாத்தாச்சு. இது உங்க புஸ்தகத்துல இருக்கு. எது எங்க இருக்குன்னு சரியா சொல்லிட்டு வாசிக்கணும்னு எனக்கு ஒருத்தி கத்துக் குடுத்தா."

பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெர்லாவைப் பார்த்து, ஒரு சொல் விடாமல் வாசித்தார். சுமையை. துக்கத்தை. ஆறுதலை. வாசித்து முடித்து இறங்கி வந்தவர் பின்வரிசைக்குப் போகவில்லை. வெர்லாவின் பக்கத்தில், டீலாய் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். கடைசி ஜெபம் வரை அவளோடு சேர்ந்து அழுதார்.

சாப்பாட்டுக் கூடத்தில் உருளைக்கிழங்குத் தட்டோடு அவர் பக்கத்தில் போனேன். என் வாய் சும்மா இருக்காது.

"வென்டெல், ஃப்ரீசர் இப்ப எப்படி நிக்குது?"

"செங்கல் வெச்சிருக்கேன்," என்றார். "நல்லாத்தான் நிக்குது."